2024 தமிழ்ப் படங்கள்: எது நின்றது, எது நிற்கவில்லை

நட்சத்திரப் படங்களிலிருந்து திரைப்பட விழாக்களுக்குப் போன படங்கள் வரை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் 2024 தமிழ் சினிமாவுக்கு எப்படிப்பட்ட வருடம், அதில் எது மனதில் நின்றது என்பது கேள்வி. எனக்கு நின்றது கொட்டுக்காளி. வருடம் மொத்தத்தில் நல்ல வருடம்தான், ஆனால் நல்லது வந்ததெல்லாம் எதிர்பார்க்காத இடங்களிலிருந்து.

கொட்டுக்காளியில் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ இன்ஜின், காற்று, சேவல், பெரியவர்களின் சளசளப்பு, இவ்வளவுதான். மீனாவுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டி, குடும்பமே ஆட்டோவிலும் பைக்கிலும் அவளைச் சாமியாரிடம் கூட்டிக்கொண்டு போகிறது. வழியில் எங்கோ ஒலிபெருக்கியில் ஒரு பழைய சினிமாப் பாட்டு கேட்கிறது. மீனா அதைத் தன்னை மறந்து முணுமுணுக்கிறாள். அவ்வளவுதான், அதைப் பார்த்த பாண்டி, அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் (சூரி), வண்டியை நிறுத்தி அவளையும், தடுக்க வந்தவர்களையும் வெறிபிடித்தவன் போல அடிக்கிறான். அதுவரை நமக்கு இசை என்று எதையும் தராமல் வைத்திருந்ததால்தான் அந்த ஒரு பாட்டு அப்படி இறங்குகிறது, அந்தப் பெண்ணுக்குள் இன்னும் ஓர் ஆள் உயிரோடு இருக்கிறாள் என்று அந்த முணுமுணுப்பில்தான் தெரிகிறது. வசனமே இல்லாத மாதிரி இருக்கும் மீனா பாத்திரத்தை அன்னா பென் வெறும் பார்வையில் சுமந்திருக்கிறார். தொண்டையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு, கட்டிப்போன குரலிலேயே படம் முழுக்கக் கத்தும் சூரியை நகைச்சுவை நடிகராக யோசிக்கவே முடியவில்லை. இடையில் ஒரு காளை வழியை மறித்து நிற்க, இத்தனை ஆண்களும் பயந்து நிற்கிறார்கள், ஒரு சின்னப் பெண் வந்து அதை ஓட்டிக்கொண்டு போகிறாள். இயக்குநர் வினோத்ராஜ் அதை அடிக்கோடிட்டுக் காட்டாமல் அப்படியே விட்டுவிட்டு நகர்கிறார்.

அதே வருடம் நவம்பரில் கங்குவா வந்தது. சத்தம் தாங்க முடியவில்லை என்று ரசிகர்களே புகார் சொல்லி, ஒலியளவை இரண்டு புள்ளி குறைக்கச் சொல்லித் தயாரிப்பாளரே தியேட்டர்களைக் கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது. உழைப்பு நிறைய இருக்கிறது, சூர்யா உயிரைக் கொடுத்திருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் ஒரு காட்சியாவது நம்மை அமைதியாக உட்கார்ந்து பார்க்க விட்டிருக்கலாம். இந்தியன் 2 பற்றிச் சொல்ல அதிகமில்லை, 28 வருடம் கழித்து வந்த தாத்தாவிடம் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

பெரிய படம் என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை. 2014இல் காஷ்மீரில் உயிரிழந்த மேஜர் முகுந்த் வரதராஜனின் கதையை எடுத்த அமரன் தீபாவளிக்கு வந்து பெரிய வெற்றி பெற்றது, சாய் பல்லவி இல்லாமல் அந்தப் படத்தை யோசித்துப் பாருங்கள், பாதிக்கு மேல் காணாமல் போய்விடும். மகாராஜா ஒரு குப்பைத்தொட்டி காணாமல் போன புகாரில் ஆரம்பித்து எங்கே கொண்டுபோய் விடுகிறது! காலத்தைக் கலைத்துப் போட்ட திரைக்கதையைப் பார்வையாளர் புரிந்துகொள்வார் என்று இயக்குநர் நித்திலன் நம்பினார், அந்த நம்பிக்கை வீண்போகவில்லை.

அப்புறம் கிரிக்கெட் படமான லப்பர் பந்து. கெத்துவாக வரும் அட்டகத்தி தினேஷ் மட்டையோடு இறங்கும்போது 'நீ பொட்டு வச்ச தங்கக்குடம்' ஒலிக்கிறதே, 1989இல் வந்த விஜயகாந்த் படப் பாட்டு, அவர் இறந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம். தியேட்டரில் அந்தப் பாட்டுக்கு விழுந்த கைதட்டல் பாதி கெத்துவுக்கு, பாதி கேப்டனுக்கு. சாதியைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசிக்கொண்டே இவ்வளவு கலகலப்பாக ஒரு படத்தை எடுக்க முடியும் என்று ஓர் அறிமுக இயக்குநர் காட்டினார், எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

மெய்யழகனில் ஒரு வருத்தம் இருக்கிறது. இரண்டு பேர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பேசுவதுதான் படம், அந்த நிதானம்தான் அதன் அழகு, நீளம் என்று சிலர் சொன்னதும் வெளியான சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். விட்டிருக்கலாம்.

சரி, கொட்டுக்காளிக்கே வருகிறேன். அதுவும் மாரி செல்வராஜின் வாழையும் ஒரே நாளில், ஆகஸ்ட் 23இல் வந்தன. வாழைத்தார் சுமக்கும் சிறுவனின் கதை நன்றாக ஓடியது, ஓட வேண்டிய படம்தான். கொட்டுக்காளி சீக்கிரமே தியேட்டரை விட்டுப் போனது. விழாவுக்கு எடுத்த படத்தை ஏன் தியேட்டருக்குக் கொண்டுவருகிறீர்கள் என்று சினிமாக்காரர்களே கேட்டார்கள். எனக்கு இந்த வாதத்தில் துளியும் உடன்பாடில்லை. வினோத்ராஜின் முதல் படமான கூழாங்கல் 2021இல் ராட்டர்டாம் விழாவின் உயரிய விருதை வாங்கியது, ஆனால் இங்கே நேராக ஓடிடிக்குத்தான் வந்தது. அடுத்த படமான கொட்டுக்காளியும் பெர்லின் விழாவில் மட்டும் பெரிய திரையில் ஓட வேண்டும், நம் ஊர்க்காரர்கள் கைப்பேசியில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால் அது என்ன நியாயம்? கொட்டுக்காளியின் தயாரிப்பாளர் சிவகார்த்திகேயன், அதாவது அமரனின் நாயகன். வணிகப் படத்தில் சம்பாதித்த பெயரும் பணமும் இப்படி ஒரு படத்துக்குப் போய்ச் சேர்ந்ததை நான் மனதாரப் பாராட்டுகிறேன். கூட்டம் வரவில்லை என்பதற்காக அவரோ மற்றவர்களோ இதோடு நிறுத்திவிடக் கூடாது.

கொட்டுக்காளியை இன்னும் பார்க்காதவர்கள் ஹெட்ஃபோன் போட்டு, ஒரே மூச்சில், ஓட்டிவிடாமல் பாருங்கள். தெருக்கூத்தைப் பற்றிய ஜமாவையும் அந்த வருடக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், அதையும் நிறையப் பேர் தவறவிட்டார்கள்.