சுருள் தீரும்போது நிறங்கள் ஏன் விலகுகின்றன?

ராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் ஊரில் கருவாட்டு உறைக்கான பாலிஎத்திலீன் பிலிமில் அச்சிடுகிறீர்கள். அவிழும் சுருளின் பிரேக்கை ஒருமுறை கையால் இறுக்கிவிட்டு ஓட்டினால், சுருள் தீரும் நேரத்தில் நிறங்கள் விலகுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மையைச் சந்தேகிக்க வேண்டாம். பிரேக் தருவது முறுக்குவிசை. அதைச் சுருளின் ஆரத்தால் வகுத்தால் வருவதுதான் பிலிமின் இழுவிசை. 60 செ.மீ. விட்டமுள்ள சுருள் 15 செ.மீ. ஆகும்போது, பிரேக்கை யாரும் தொடாமலே இழுவிசை 4 மடங்காகிவிடும். பாலியஸ்டர் ஓரளவு தாங்கும், பாலிஎத்திலீன் நீண்டுவிடும்; அதனால் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாது.

ஆகவே சுருள் சிறுக்கச் சிறுக்க பிரேக்கும் தளர வேண்டும். டான்சர் உருளை (அசையும் கையில் பொருத்திய, பிலிம் சுற்றிச் செல்லும் உருளை) இருந்தால், பிலிம் இறுகும்போது அதன் கை நகரும். அந்த நகர்வை உணர்ந்து கட்டுப்பாட்டுக் கருவி பிரேக்கைத் தளர்த்தும். திடீர்க் குலுக்கல்களையும் அந்தக் கை தாங்கிக்கொள்ளும். லோட்செல் என்ற விசை உணரி இழுவிசையை நேரடியாக அளக்கும், ஆனால் குலுக்கலைத் தாங்காது. நீளும் பிலிமுக்கு என் ஓட்டு டான்சருக்கே. அதனுடன் காந்தத்தூள் பிரேக்கைச் சேர்த்தால், மின்னோட்டத்தைக் குறைத்தே முறுக்குவிசையைக் குறைக்கலாம்.

உங்கள் கரையில் இன்னொரு வில்லன் உப்புக் காற்று. பிலிமை வழிநடத்தும் உருளைகளின் பேரிங் துருவேறி இறுகினால், அதுவும் பிலிமை இழுக்கும். டான்சரையோ லோட்செல்லையோ தாண்டிய உருளை என்றால் கட்டுப்பாட்டுக் கருவியின் திரையில் தெரியவே தெரியாது. இயந்திரத்தை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, ஒவ்வோர் உருளையையும் கையால் சுழற்றிப் பாருங்கள். செலவில்லாத இந்தச் சோதனையை முதலில் செய்துவிட்டு, பிறகு கருவி வாங்குங்கள்.

மறுபக்கம் சுற்றும் சுருளில், விட்டம் பெருகப் பெருக இழுவிசையைச் சற்றே குறைத்துக்கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் உள்சுற்றுகள் நசுங்கும்.