"ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடப் போகிறது" என்று சொல்வது சரியா? நேரில் பார்த்த அனுபவம் உண்டா?

உண்டு. ஆனால் அந்த ஓட்டு என்னுடையது இல்லை. எனக்கு அங்கே ஓட்டே கிடையாது.

2017-இல் வேலை நிமித்தம் அமெரிக்காவில், வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸ் நகரில் இருந்தேன். விமானந்தாங்கிக் கப்பல் கட்டும் ஊர். அக்டோபர் மாதம் ஒரு சனிக்கிழமை கதவைத் தட்டும் சத்தம். கையில் அட்டையும் பேனாவுமாக ஒரு பாட்டி. எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் குடியிருந்தவரின் பெயரைச் சொல்லி, இருக்கிறாரா என்று கேட்டார். அவர் காலி செய்துவிட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது என்றேன். "அப்படியானால் உங்கள் ஓட்டு?" நான் விசாவில் இருப்பவன் என்றதும் சிரித்துவிட்டு, ஒரு துண்டுப் பிரசுரத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார். ஷெல்லி சைமண்ட்ஸ் என்ற பெயரை அதில்தான் முதன்முதலில் பார்த்தேன்.

உள்ளூர்ப் பள்ளிக் கல்வி வாரிய உறுப்பினர். ஜனநாயகக் கட்சி. மாநில சட்டமன்றத்தின் 94-ஆம் தொகுதியில் குடியரசுக் கட்சியின் டேவிட் யான்சியை எதிர்த்து 2015-லேயே நின்று, தெளிவான வித்தியாசத்தில் தோற்றவர். அங்கே சட்டமன்ற கீழவைக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் என்பதால் சீக்கிரமே மறுபடி வந்துவிட்டார்.

நவம்பர் 7 தேர்தலின் முதல் எண்ணிக்கையில் யான்சி 10 ஓட்டு முன்னிலை. டிசம்பர் 19 மறு எண்ணிக்கையில் எல்லாம் தலைகீழ்: சைமண்ட்ஸ் 11,608, யான்சி 11,607. அலுவலகத்தில் அன்று எவருக்கும் வேறு பேச்சில்லை. ஏனென்றால் அந்த ஒரு இடம் சேர்ந்தால் 100 பேர் கொண்ட அவை 50-க்கு 50 ஆகிவிடும். குடியரசுக் கட்சி தனிப்பெரும்பான்மையை இழந்துவிடும்.

மறுநாள் காலை ஒரு ஓட்டுச் சீட்டு வந்து நின்றது. மறு எண்ணிக்கையில் உட்கார்ந்திருந்த குடியரசுக் கட்சித் தரப்பு ஆள் ஒருவர், முந்தின நாள் செல்லாது என்று ஒப்புக்கொண்ட ஒரு சீட்டைப் பற்றி நீதிபதிகளுக்குக் கடிதம் எழுதிவிட்டார். அதன் படம் செய்திகளில் வந்தது. இரண்டு பேர் பெயருக்கு எதிரேயும் வட்டம் நிரப்பப்பட்டிருக்கிறது. சைமண்ட்ஸின் வட்டத்தின் மேல் மட்டும் ஒரு சாய்வுக் கோடு. தப்பாக நிரப்பிவிட்டு அடித்தாரா, கை வழுக்கியதா, யாருக்குத் தெரியும்? மூன்று நீதிபதிகளும் அதை யான்சிக்கு என்று முடிவு செய்தார்கள். 11,608-க்கு 11,608.

ஓட்டு சமமானால் குலுக்கல் என்பது அந்த மாநிலச் சட்டம். (நம் நாட்டுத் தேர்தல் சட்டத்திலும் அதுதான்.) 2018 ஜனவரி 4 அன்று நேரலையில் பார்த்தோம். பழைய ஃபிலிம் ரோல் டப்பா இருக்குமே, அதில் இரண்டு எடுத்து ஆளுக்கொரு பெயரைச் சுருட்டி வைத்து, அருங்காட்சியகத்திலிருந்து இரவல் வாங்கிய நீலப் பீங்கான் கிண்ணத்தில் போட்டார்கள். தேர்தல் வாரியத் தலைவர் ஜேம்ஸ் ஆல்கார்ன் ஒன்றை எடுத்துத் திறந்தார். யான்சி. அவ்வளவுதான், 51-49.

என்னுடன் பார்த்த நண்பர் "நம்ம குடவோலை" என்று பெருமைப்பட்டார். எனக்கு அந்த ஒப்பீடு ஒட்டவில்லை. உத்திரமேரூரில் தேர்வு முறையே ஓலைதான். இங்கே 23 ஆயிரம் பேர் வரிசையில் நின்று ஓட்டுப் போட்ட பிறகு டப்பாவைக் குலுக்கினார்கள். லிபர்டேரியன் என்ற மூன்றாவது கட்சியின் வேட்பாளர் ஒருவர் சில நூறு ஓட்டைப் பிரித்ததையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட எனக்கு உறுத்தியது பிற்பாடு வெளிவந்த செய்தி. 94-ஆம் தொகுதியைச் சேர்ந்த 26 வாக்காளர்கள், பட்டியல் பிழையால் பக்கத்துத் தொகுதிக்கு ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் கறுப்பினத்தவர் வாழும், ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமான பகுதி அது. எல்லோரும் கிண்ணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். விஷயம் எப்போதோ ஒரு எழுத்தர் மேசையில் முடிந்திருக்கிறது.

சைமண்ட்ஸ் இன்னொரு மறு எண்ணிக்கை கேட்கவில்லை. 2019-இல் மூன்றாம் முறையாக அதே யான்சியை எதிர்த்து நின்றார், சுலபமாகவே ஜெயித்தார். விடாமுயற்சி என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். இன அடிப்படையில் எல்லை வகுத்திருக்கிறார்கள் என்று நீதிமன்றம் பல தொகுதிகளைத் திருத்தச் சொன்னதில், பக்கத்திலிருந்த 94-இன் எல்லையும் மாறி அவருக்குச் சாதகமாகியிருந்தது. அதற்காக அந்தப் பெண்மணி படியேறிய வாசல்களைக் குறைத்துச் சொல்லவில்லை. முதல் தோல்விக்கும் சமநிலைக்கும் இடையே எல்லைக்கோடு மாறவில்லை, ஆட்கள் நடந்துதான் அந்த இடைவெளியை மூடினார்கள்.

அந்த 2019 அக்டோபரில் எங்கள் கதவை மறுபடி ஒருவர் தட்டினார். இந்த முறை கல்லூரிப் பையன். எங்களுக்கு முன்னால் குடியிருந்த அதே ஆளின் பெயரைச் சொல்லி, இருக்கிறாரா என்று கேட்டான்.