ரெஸ்யூமேயைத் தவிர வேறு எந்த வகையில் ஒரு நிறுவனத்தின் கவனத்தைப் பெற முடியும்?

பல மாதங்களாக விண்ணப்பங்களை அனுப்பிவிட்டு, பதிலே வராமல் சோர்ந்துபோனவர்தான் இப்படிக் கேட்பார். நானும் அந்த நிலையில் இருந்தவள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மென்பொருள்களுக்குப் பயனர் கையேடு எழுதுவது என் தொழில். படுத்த படுக்கையாகிவிட்ட என் தாயாரைக் கவனித்துக்கொள்வதற்காக வேலையை விட்டு ஐந்தாண்டுகள் வீட்டில் இருந்தேன். அவர் மறைந்த பிறகு மீண்டும் வேலை தேடியபோது, அதற்கு முன் நான் எழுதிய எதுவும் யார் கண்ணிலும் படவில்லை. அந்த ஐந்தாண்டு இடைவெளி மட்டுமே பட்டது. எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு ரெஸ்யூமே அனுப்பினேன். எழுத்துருவை மாற்றினேன், மூன்று பக்கங்களை ஒன்றாகச் சுருக்கினேன், விளம்பரத்தில் இருந்த சொற்களையே எடுத்துக் கோத்தேன். வந்த பதில்கள் நான்கு. நான்கும் தானியங்கி மின்னஞ்சல்கள்.

அந்த நாட்களில், தாயாரின் மருத்துவச் செலவுக் கணக்குகளை ஒழுங்குபடுத்துவதற்காக ஒரு கணக்கு மென்பொருளை என் கணினியில் நிறுவினேன். அதன் கையேட்டில் ஏழாம் படி, ‘சேமி’ பொத்தானை அழுத்தச் சொன்னது. திரையிலோ அந்தப் பொத்தான் சாம்பல் நிறத்தில் உயிரற்றுக் கிடந்தது. நிதியாண்டைத் தேர்ந்தெடுத்தால்தான் அது செயல்படும் என்பதையும், அந்தத் தேர்வு ஒன்பதாம் படியில் இருக்கிறது என்பதையும் கண்டுபிடிக்க எனக்கு நாற்பது நிமிடங்கள் ஆயின. இதே தொழிலில் இருந்த நானே இப்படித் திணறினால், மற்றவர்கள் தங்களுக்குத்தான் புரியவில்லை என்று நினைத்து விட்டுவிடுவார்களே என்று எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

அன்றிரவே அந்தப் பதினொரு படிகளையும் மாற்றி எழுதினேன். அந்த மென்பொருளையே பார்த்திராத மூவரிடம் பழையதையும் புதியதையும் கொடுத்து, யார் எந்த வரியில் நின்றார்கள் என்பதைக் குறித்துக்கொண்டேன். எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம். அதை மனிதவளத் துறைக்கு அனுப்பாமல், கையேட்டின் இறுதியில் பெயர் இருந்த ஆவணப் பிரிவுத் தலைவருக்கு, ஆறு வரிக் கடிதத்துடன் அனுப்பினேன். வேலை தேடுகிறேன் என்பதை ஆறாவது வரியில்தான் சொல்லியிருந்தேன்.

ஒன்பது நாட்கள் கழித்து அவரிடமிருந்து பதில் வந்தது. நேர்காணல் முழுவதும் அந்த ஒரு பக்கத்தைப் பற்றியதாகவே இருந்தது: ஏன் இந்தப் படியை முன்னுக்குக் கொண்டுவந்தீர்கள், அந்த எச்சரிக்கையை ஏன் நீக்கினீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். ஐந்தாண்டு இடைவெளியைப் பற்றிக் கடைசியில் ஒரே ஒரு கேள்வி வந்தது. உள்ளதைச் சொன்னேன், ஏற்றுக்கொண்டார். ஆறு ஆண்டுகளாக அங்கேதான் பணியாற்றுகிறேன்.

இது வெறும் அதிர்ஷ்டம் என்று சிலர் சொல்லக்கூடும். அதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஷ்மிட், ஹண்டர் என்ற இரு உளவியலாளர்கள் 85 ஆண்டுக் கால ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்ட கட்டுரையில், ஒருவர் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்வார் என்பதை முன்கூட்டிக் கணிக்கும் திறன், (முழுத் துல்லியம் என்றால் 1) வேலையையே செய்து காட்டச் சொல்லும் தேர்வுக்கு 0.54 என்றும், அனுபவ ஆண்டுகளின் எண்ணிக்கைக்கு 0.18 என்றும் கணக்கிட்டிருந்தார்கள். பிற்கால மறுஆய்வுகள் இந்த எண்களைக் குறைத்தபோதிலும், இரண்டில் எது மேலே என்பது மாறவில்லை. லியொனார்டோ டா வின்சியும் சுமார் 1482இல் மிலானின் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தில், பாலங்கள், முற்றுகைக் கருவிகள் என்று அவருக்குத் தேவைப்படுபவற்றையே வரிசைப்படுத்திவிட்டு, ஓவியத்தைக் கடைசியில்தான் குறிப்பிட்டார். ஐயம் இருந்தால் உங்கள் தோட்டத்திலேயே செய்து காட்டுகிறேன் என்றும் எழுதினார்.

“இலவசமாக உழைக்கச் சொல்கிறீர்களா?” என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்தக் காயம் எனக்கும் உண்டு. இதற்கு முன் ஒரு நிறுவனம், தேர்வு என்ற பெயரில் தங்கள் பொருளுக்கு ஒரு முழு அத்தியாயத்தையே எழுதித் தரச் சொன்னது. மூன்று நாட்கள் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். பதிலே வரவில்லை. இரண்டு மாதங்கள் கழித்து அவர்களுடைய கையேட்டைத் திறந்தபோது, நான் கற்பனையாக அமைத்திருந்த எடுத்துக்காட்டு உட்பட என் வாக்கியங்கள் அப்படியே அதில் இருந்தன. வேலை இல்லாதவரின் தவிப்பைப் பயன்படுத்திக்கொள்ளும் இந்த வழக்கத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஆகவே, மாதிரி எது, எவ்வளவு என்பதை நீங்களே தீர்மானியுங்கள். ஒரு மாலைப்பொழுதுக்குள் முடிவதாக இருக்கட்டும். அப்படியே எடுத்துப் பயன்படுத்தக்கூடிய அளவுக்கு வேலை கேட்டால், தயங்காமல் ஊதியம் கேளுங்கள்.

எல்லாத் தொழிலிலும் இது முடியாது என்பதும் எனக்குத் தெரியும். செவிலியரோ, ரகசிய ஒப்பந்தத்துக்கு உட்பட்டவரோ தம் வேலையை எடுத்துக் காட்ட இயலாது. அவர்கள் தம்முடன் பணியாற்றிய ஒருவரிடம், பொதுவான பாராட்டாக இல்லாமல், நடந்த ஒரு நிகழ்வை மட்டும் குறிப்பிட்டு எழுதித் தரச் சொல்லலாம். இப்போது விண்ணப்பங்களை நானும் படிக்கிறேன். ‘விரைவில் கற்றுக்கொள்பவர்’, ‘குழுவாகப் பணியாற்றுபவர்’ என்பவை ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருப்பதால், அவற்றை வைத்து என்னால் யாரையும் பிரித்தறிய முடிவதில்லை.

கடைசியாக ஒன்று. நான் அனுப்பிய பக்கத்துக்கு முதலில் ‘கையேட்டில் உள்ள பிழைகள்’ என்றுதான் தலைப்பு வைத்திருந்தேன். அந்தக் கையேட்டை எழுதியவரே அதைப் படிக்கக்கூடும் என்பது அனுப்பும் நேரத்தில்தான் உறைத்தது. அதை அழித்துவிட்டு, ‘ஏழாம் படியில் நான் நின்றுபோன இடம்’ என்று மாற்றி அனுப்பினேன்.