1,200 வெள்ளிக்குள் (மலேசிய ரிங்கிட்) வீட்டில் ஆர்கேட் பெட்டி செய்ய எந்த சிபியு, எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?

‘எந்த கிராபிக்ஸ் கார்டு’ என்று படித்ததுமே எனக்கு வயிறு எரிந்தது. நானும் அங்கேதான் காசைக் கொட்டினேன். நீங்களும் தொண்ணூறுகளில் பள்ளி விட்டு வரும் வழியில் டோக்கன் வாங்கி, கடையில் நின்றபடி ஆடும் அந்த ஆர்கேட் வீடியோ கேம் பெட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆடியவராகத்தான் இருப்பீர்கள். இப்போது சம்பளம் வருகிறது, வீட்டில் ஒரு மூலை காலியாக இருக்கிறது. சரிதானே?

2019இல் நான் முதலில் வாங்கியது கோர் 2 குவாட் கியூ6600 சிபியு உள்ள ஒரு பழைய கணினி. “நாலு கோர் இருக்கு, நல்ல கார்டு ஒண்ணு செருகினா பறக்கும்” என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். (கோர் என்றால் சிபியுவுக்குள் கணக்குப் போடும் ஒரு பகுதி.) அவர் பேச்சைக் கேட்டு, யாரோ பயன்படுத்திய ஜிடிஎக்ஸ் 750 டிஐ கார்டை 280 வெள்ளிக்கு வாங்கினேன். பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் மேம் (MAME) மென்பொருளை ஏற்றி, டெக்கன் 3 சண்டை ஆட்டத்தைப் போட்டேன். ஒலி திக்கித் திக்கி வந்தது. தங்கை மகன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “மாமா, இவங்க ஏன் தண்ணிக்குள்ள சண்டை போடுறாங்க?” என்றான். அண்ணனும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். ‘கேபிள் சரியில்லை போல’ என்று சொல்லிவிட்டு மெதுவாக நழுவிவிட்டார்.

கேபிளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் காலத்து ஆர்கேட் பலகையில் இருந்த ஒவ்வொரு சில்லும் செய்த வேலையை மேம் அப்படியே கணக்குப் போட்டுச் செய்கிறது. அதில் பெரும்பகுதி ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டிய கணக்கு. நாலு கோருக்குப் பங்கு போட்டுக் கொடுக்க முடியாது. ஒரே கோர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதுதான் பேச்சு. முப்பரிமாண ஆட்டங்களின் படத்தை வரைவதும் பெரும்பாலும் சிபியுதான். கார்டுக்கு மிஞ்சுவது, வந்த படத்தைத் திரை அளவுக்கு இழுத்துக் காட்டும் வேலை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 படமே 384க்கு 224 புள்ளிதான். அதற்கு எதற்கு ஐயா கார்டு?

பிறகு வாங்கியது, ஏதோ அலுவலகம் மொத்தமாகக் கழித்த ஐ5-4590 கணினி. 3.3 கிகாஹெர்ட்ஸ், தேவைப்படும்போது 3.7 வரை ஏறும். 8 ஜிபி ரேம், 240 ஜிபி எஸ்எஸ்டி, எல்லாம் சேர்த்து 350 வெள்ளி. தனிக் கார்டு கிடையாது, சிபியுவுக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் போதும். டெக்கன் 3 வெண்ணெய் போல ஓடுகிறது. 750 டிஐ இன்னும் அலமாரியில் டப்பாவோடு தூங்குகிறது.

‘நவோமி (சேகாவின் பிற்கால முப்பரிமாண ஆர்கேட் பலகை) ஆட்டங்களுக்குக் கார்டு வேண்டுமே’ என்று ஒருவர் கட்டாயம் வருவார். எனக்கு அதற்கும் இந்த ஐ5 போதுமாக இருக்கிறது. ‘எனக்கு’ என்பதை அழுத்திப் படியுங்கள். ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கச் சிறு கணினியின் ரசிகர்களும் கோபப்பட வேண்டாம். எண்பதுகளின் ஆட்டங்களோடும் நியோ ஜியோ ஆர்கேட் பலகையின் ஆட்டங்களோடும் நிறுத்திக்கொள்வதென்றால் பை 4 தாராளம். அதற்குப் பெட்டி, அடாப்டர், மெமரி கார்டு என்று கூட்டிப் பார்த்தபோது எனக்குத்தான் கட்டுப்படியாகவில்லை.

ஒன்றில் மட்டும் கவனம். அலுவலகக் கணினிகள் சிலவற்றில் பவர் சப்ளை இணைப்பு தனி வடிவம். கெட்டுப்போனால் கடையில் விற்கும் சாதாரண சப்ளை செருகாது. வாங்கும் முன் மூடியைத் திறந்து பாருங்கள்.

மிஞ்சும் காசை ஜாய்ஸ்டிக்கிலும் பட்டனிலும் போடுங்கள். கை படுவது அங்கேதான். பட்டனுக்கு வயர் முனை வாங்கும்போது அளவு பார்க்க வேண்டும்: சன்வா (ஜப்பானிய நிறுவனம்) மாதிரிப் பட்டன்களுக்கு 2.8 மில்லிமீட்டர். நான் கோலாலம்பூர் ஜாலான் பசாரில் 4.8 வாங்கி வந்து, இரவு முழுக்கக் குறட்டால் ஒவ்வொன்றாக நசுக்கி மாட்டினேன். மறுநாள் ‘கிக்’ பட்டனைத் தட்டினால் உள்ளே ‘டொக்’கென்று வயர் கழன்று விழுகிறது. பாக்மேன் ஆடுவதென்றால் ஜாய்ஸ்டிக்கின் அடியில் அசைவைக் கட்டுப்படுத்தும் தகட்டை நாலு திசைக்குத் திருப்பி வையுங்கள். எட்டுத் திசையில் விட்டால் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு பேயிடம் உயிரை விடுவீர்கள்.

பெட்டிக்கு எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த கனமான பலகை) வேண்டாம், பிளைவுட் போதும். இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், நாங்கள் இருப்பது செந்தூலில் நான்காவது மாடி. அப்போது லிஃப்ட் கெட்டு மூன்று மாதம். நிர்வாக அலுவலகத்தில் போய்க் கேட்டால், ‘உதிரி பாகம் வரவேண்டும்’ என்பார்கள். எந்த நாட்டிலிருந்து கப்பலேறி வந்ததோ! மூன்றாவது மாடியில் இருக்கும் பாட்டி மருத்துவமனைக்குப் போகும் நாளெல்லாம் நாற்காலியோடு தூக்கி இறக்கினோம். 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பெட்டியை நானும் மச்சானும் அதே படியில்தான் ஏற்றினோம். மச்சான் இன்றுவரை அந்தப் பெட்டியில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ‘என் இடுப்பைக் கேள்’ என்கிறான்.

நீங்கள் வாங்க நினைத்திருக்கும் கார்டுக்கு இன்னும் முன்பணம் கட்டவில்லை என்றால், இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கட்டியிருந்தால், என்னிடமும் ஒன்று இருக்கிறது, 150 வெள்ளிக்குத் தருகிறேன் என்று கேலி செய்யத்தான் முடியும்.