இரவில் ஆறு, விடிந்தால் ஏழரை

கேள்வி: ஐயா, வணக்கம். கோவையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். பணி ஓய்வுக்குப் பிறகு மொட்டை மாடியில் பி.வி.சி. பைப்பில் 48 குழி வைத்து, மண்ணில்லாமல் சத்து நீரிலேயே செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் அமைத்திருக்கிறேன். கீழே 60 லிட்டர் டிரம், அதில் மோட்டாரும் காற்றுக் கல்லும் உண்டு. லெட்யூஸ், பாலக், புதினா வளர்க்கிறேன். தினமும் சாயங்காலம் 'பி.எச். டவுன்' அமிலம் ஊற்றி பி.எச்.-ஐ 6.0-க்குக் கொண்டுவருகிறேன்; காலையில் 7.5 காட்டுகிறது. எலுமிச்சை, வினிகர் எல்லாம் ஊற்றிப் பார்த்துவிட்டேன். ஜூலையில் மட்டும் இரண்டு வாரம் அதிகம் தொடாமலே ஒழுங்காக இருந்தது. இப்போது லெட்யூஸின் குருத்திலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கின்றன. பாலக் நன்றாகத்தான் இருக்கிறது. தண்ணீர் எங்கள் சம்ப்பில் இருந்து வருவது. சிறுவாணியும் போர் தண்ணீரும் கலந்திருக்கும். தானாகவே அமிலம் ஊற்றும் கருவி ஒன்று விற்கிறார்கள், வாங்கலாமா? இதற்குச் சந்தையிலேயே கீரை வாங்கியிருக்கலாம் என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார்.

பதில்: வணக்கம் அம்மா. கருவி வேண்டாம். இப்போதைய நிலையில் அதை மாட்டினால், நீங்கள் சாயங்காலம் ஒரு தடவை ஊற்றுவதை அது ராத்திரி முழுக்க ஊற்றிக்கொண்டிருக்கும். பாட்டில்தான் சீக்கிரம் காலியாகும்.

உங்கள் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. ஜூலையில் இரண்டு வாரம் ஒழுங்காக இருந்தது என்கிறீர்கள். சம்ப்பில் சிறுவாணியும் போரும் கலக்கிறது என்கிறீர்கள். ஜூலை தென்மேற்குப் பருவமழைக் காலம். சிறுவாணி தாராளமாக வந்திருக்கும், போர் மோட்டாருக்கு வேலை குறைந்திருக்கும். அந்த இரண்டு வாரமும் உங்கள் டிரம்முக்குள் போனது பெரும்பாலும் மலைத் தண்ணீர் என்பது என் ஊகம். போர் மோட்டாரை எந்தெந்த நாட்களில் போட்டார் என்று வாட்ச்மேனிடம் கேட்டுக் குறித்து வாருங்கள். பி.எச். துள்ளும் நாட்களோடு அது பொருந்தினால் சந்தேகமே வேண்டாம்.

இரண்டு தண்ணீருக்கும் என்ன வித்தியாசம்? வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். போர் தண்ணீரில் வெந்நீர் வைக்கும் வீடுகளில் வெள்ளையாக, சுண்ணாம்பு மாதிரி, கரண்டியால் சுரண்டினால் பொரிப்பொரியாக வரும். அது அந்தத் தண்ணீரில் கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட், சூட்டில் கார்பனேட்டாக மாறிப் படிந்தது. உங்கள் டிரம்மில் ராத்திரியில் வேலை பார்ப்பதும் அதே பைகார்பனேட்தான். தண்ணீரை ஆய்வுக்குக் கொடுத்தால் 'மொத்தக் காரத்தன்மை' என்ற வரியில் அது வரும். மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்தை விழுங்கும் தன்மை.

பி.எச். வேறு, காரத்தன்மை வேறு. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மீதி எல்லாம் சுலபம். குழம்பு இப்போது எவ்வளவு புளிக்கிறது என்பது பி.எச்.; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். எவ்வளவு புளி கரைத்து ஊற்றினாலும் புளிப்புத் தெரியாமல் விழுங்கிக்கொண்டே இருக்குமானால் அது காரத்தன்மை. மீட்டர் முதலாவதை மட்டும்தான் காட்டும். 7.5 காட்டும் இரண்டு தண்ணீரில் ஒன்றை 6-க்கு இறக்க ஐந்து சொட்டு போதும். இன்னொன்றுக்கு ஐம்பது சொட்டும் பற்றாது.

சரி, 6.0-க்கு இறக்கியது ஏன் அங்கே நிற்கவில்லை? அமிலம் ஊற்றியதும் பைகார்பனேட்டில் ஒரு பகுதி கரியமில வாயுவாக மாறும். அந்த வாயு உடனே வெளியேறாமல் தண்ணீரிலேயே கரைந்திருக்கும். கரைந்த கரியமில வாயுவும் லேசான அமிலம்தான். அதனால் மீட்டர் சாதுவாக 6.0 காட்டும், நீங்களும் நிம்மதியாகப் படுக்கப் போவீர்கள். ராத்திரி முழுக்கக் காற்றுக் கல் குமிழி விடுகிறது, தண்ணீர் பைப்பில் ஓடி டிரம்மில் கொட்டுகிறது. திறந்துவைத்த சோடாவில் வாயு போவது போல அந்தக் கரியமில வாயு போய்விடும். மாறாமல் மிச்சம் இருந்த பைகார்பனேட் காலையில் தன் முகத்தைக் காட்டும். ஏழரை!

எலுமிச்சையையும் வினிகரையும் சமையலறைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். அவை கரிம அமிலங்கள். ஓரிரு நாளில் நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்றுவிடும், பி.எச். பழைய இடத்துக்கே போகும், போதாக்குறைக்கு வேரில் வழுவழுப்பு சேரும்.

எதையும் மாற்றும் முன் மீட்டரைச் சரிபாருங்கள். அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு தடவை பத்து நாள் அமிலமும் காரமும் மாற்றி மாற்றி ஊற்றினேன். கடைசியில் பார்த்தால் தண்ணீரில் குற்றமே இல்லை, என் பேனா மீட்டர் முக்கால் புள்ளி தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தது. அதன் கண்ணாடி முனையைக் காயவிட்டிருந்தேன். மீட்டரோடு 4.00, 6.86 என்று எழுதிய தூள் பொட்டலங்கள் வந்திருக்கும். பொட்டலத்தில் சொன்ன அளவு ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, முதலில் 6.86-லும் பிறகு 4.00-லும் வைத்துச் சரிசெய்யுங்கள். மாதம் இரண்டு தடவை போதும். முனையை வைத்திருக்கும் மூடியில் பொட்டாசியம் குளோரைடு கரைசல் நான்கு சொட்டு எப்போதும் இருக்கட்டும், வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் ஊறப்போட்டால் முனை சீக்கிரம் கெடும். தானாக அமிலம் ஊற்றும் கருவி வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணம்: அழுக்குப் பிடித்த முனையை நம்பி அமிலம் ஊற்றினால், அதை ஒரே ராத்திரியில் செடிகளைக் காலி செய்யும் கருவி என்றும் சொல்லலாம்.

அப்புறம் தண்ணீர் ஆய்வு. மண் பரிசோதனை நிலையங்களில் பாசன நீரையும் பார்த்துத் தருவார்கள். போரை மட்டும் தனியாகப் பிடித்து ஒரு பாட்டில், சம்ப் தண்ணீர் ஒரு பாட்டில் என்று கொடுங்கள். காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் மீன் தொட்டிக் கடையில், காரத்தன்மையை அளக்கும் 'கே.எச்.' சோதனைப் பெட்டி கிடைக்கும். சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்து, நிறம் மாறும்வரை சொட்டு எண்ணுவதுதான் வேலை. பெரும்பாலான பெட்டிகளில் ஒரு சொட்டு ஒரு டிகிரி. ஒரு டிகிரி என்றால் லிட்டருக்கு ஏறக்குறைய 18 மில்லிகிராம் காரத்தன்மை. 14 சொட்டு ஆனால் 250. குடிக்கும் தண்ணீருக்கான இந்தியத் தர அளவில் 200 வரை நல்லது, வேறு வழி இல்லாவிட்டால் 600 வரை ஏற்கலாம் என்று இருக்கிறது. ஆக, நாம் தாராளமாகக் குடிக்கும் தண்ணீரே டிரம்மில் இப்படிப் படுத்தும்.

உங்கள் போர் 250 என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். அதை 50-க்குக் குறைக்க, 60 லிட்டருக்கு 85 சதவீத பாஸ்பாரிக் அமிலம் சுமார் 16 மி.லி. வேண்டும். ஊற்றலாம்தான். ஆனால் அதோடு லிட்டருக்கு 120 மில்லிகிராமுக்கு மேல் பாஸ்பரஸும் சேர்ந்துவிடும். இலைக் கீரைகளுக்கு 30 முதல் 50 இருந்தாலே போதும். மிஞ்சிய பாஸ்பரஸ் இரும்பையும் துத்தநாகத்தையும் செடி எடுக்கவிடாமல் மடக்கும், கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளையாகப் படியும். வணிகப் பண்ணைகளில் நைட்ரிக் அமிலம் வைத்துச் சமாளிப்பார்கள். வீட்டு மாடியில், பேரப் பிள்ளைகள் ஓடும் இடத்தில், அது வேண்டவே வேண்டாம். பேட்டரிக் கடை அமிலத்தை நினைத்தும் பார்க்காதீர்கள். பழைய பேட்டரியில் இருந்து வந்ததானால் அதில் ஈயம் இருக்கும்.

எனவே அமிலத்தை நம்புவதை விடத் தண்ணீரை மாற்றுவதுதான் உங்களுக்கு வழி. ஒரு பங்கு சம்ப் தண்ணீர், இரண்டு பங்கு ஆர்.ஓ. தண்ணீர் கலந்தால் 250 என்பது 85 அளவுக்கு இறங்கும். மழைத் தண்ணீர் பிடித்தால் இன்னும் நல்லது. முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள். ஆர்.ஓ. எந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரை மட்டும் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஊற்றிவிடாதீர்கள், உப்பும் பைகார்பனேட்டும் அதில்தான் குவிந்திருக்கும். முழுக்க முழுக்க ஆர்.ஓ.-வும் வேண்டாம். தாங்கு சக்தியே இல்லாத தண்ணீரில் நாலு சொட்டு அமிலத்துக்கே பி.எச். பாதாளத்துக்குப் போகும், பிறகு அதை ஏற்ற ஒரு பாட்டில் வாங்க வேண்டியிருக்கும்.

கலந்த தண்ணீரை நேரே டிரம்மில் ஊற்றாமல் தனியாக ஒரு டப்பில் வைத்துத் தயார்செய்யுங்கள். எவ்வளவு அமிலம் என்பதை 60 லிட்டரில் வைத்துத் தேட வேண்டியதில்லை, ஒரு லிட்டர் ஜாடியில் தேடலாம். 990 மி.லி. தண்ணீரில் 10 மி.லி. பாஸ்பாரிக் அமிலத்தை ஊற்றி நீர்த்துக்கொள்ளுங்கள். எப்போதும் தண்ணீரில்தான் அமிலம், அமிலத்தில் தண்ணீர் கூடாது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான். இந்த நீர்த்த அமிலத்தை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, ஜாடித் தண்ணீரில் ஒவ்வொரு மி.லி.யாக விட்டுக் கலக்கி, 5.8 வரும்வரை எண்ணுங்கள். 85 காரத்தன்மை உள்ள தண்ணீருக்குப் பத்து மி.லி.க்குச் சற்று முன்பின் ஆகும் என்பது என் கணக்கு. உங்கள் எண் வேறாக வந்தால் உங்கள் எண்ணையே நம்புங்கள். அதை 60-ஆல் பெருக்கி டப்பில் ஊற்றி, காற்றுக் கல்லை ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். காலையில் கொஞ்சம் ஏறியிருக்கும், ஏறட்டும். வாயு வெளியேறிய பிறகு மறுபடி 5.8-க்கு இறக்குங்கள். இரண்டாம் தடவை ஊற்றும் அமிலம்தான் நிலைத்து நிற்கும். பிறகு ஏ, பி என்று இரண்டாக வரும் சத்துக்கரைசலில் முதலில் ஏ-யைக் கலக்கி, நன்றாகக் கரைந்த பின் பி-யைக் கலக்குங்கள். இரண்டையும் அடர் நிலையில் ஒன்றோடொன்று சேர்க்கக் கூடாது. சத்துக்கரைசலே பி.எச்.-ஐ ஓரளவு இறக்கும், அதனால் கடைசியாக ஒரு தடவை அளந்துகொண்டு டிரம்முக்கு மாற்றுங்கள்.

இதற்குப் பிறகும் பி.எச். தினமும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். செடி நைட்ரேட்டை உறிஞ்சும்போது வேர் காரத்தை வெளியே விடும். அது செடி சாப்பிடுகிறது என்பதற்கு அடையாளம். 5.6-ல் ஆரம்பித்து 6.4 வரை தானாக ஏறவிடுங்கள், அதைத் தாண்டினால் மட்டும் இறக்குங்கள். தினமும் 6.0-ல் ஆணி அடித்து நிறுத்தப் பார்ப்பதுதான் பல பேர் செய்யும் தவறு. எந்த நேரத்தில் அளந்தாலும் தினமும் அதே நேரத்தில் அளங்கள். டிரம்மில் வெயில் பட்டுப் பாசி பிடித்திருந்தால் மத்தியானம் ஒரு அளவும் விடியற்காலை ஒரு அளவும் காட்டும். டிரம்முக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து மேலே வெள்ளை அடியுங்கள். மாறாக என்றாவது பி.எச். தானாகவே இறங்கிக்கொண்டே போனால் அமிலத்தைப் பார்க்காமல் வேரைப் பாருங்கள். பழுப்பாகி நாற்றம் அடித்தால் அழுகல்.

குழிகளில் ஜல்லி போட்டிருக்கிறீர்களா என்று எழுதவில்லை. போட்டிருந்தால் நாலு கல்லை எடுத்து வினிகரில் போடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல். அதை எடுத்து எறியாமல் மேலே சொன்ன எதுவும் பலிக்காது.

லெட்யூஸின் மஞ்சள், இரும்புக் குறைதான். உரத்தில் இரும்பு இல்லாமல் இல்லை. சாதாரணமாக வரும் ஈ.டி.டி.ஏ. (இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்துவைக்கும் பொருள்) வகை இரும்பு, பி.எச். 6.5-ஐத் தாண்டினால் நிலைக்காது. நீங்கள் 7.5-ல் வைத்திருந்தது கண் முன்னே சோறு இருந்தும் வாயைக் கட்டிய கதை. பாலக் சற்றுக் கூடுதல் பி.எச்.-ஐத் தாங்கும், அதனால் அது புகார் செய்யவில்லை. அடுத்த முறை உரம் வாங்கும்போது டி.டி.பி.ஏ. இரும்பு உள்ளதாகக் கேளுங்கள், 7 வரை கைகொடுக்கும். இப்போதுள்ள பழைய கரைசலை மாடித் தொட்டிச் செடிகளுக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக ஆரம்பியுங்கள். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். ஒரு வாரத்தில் குருத்து பச்சையாக வர ஆரம்பிக்கும். முற்றிய மஞ்சள் இலைகள் பழையபடி பச்சையாகாது, ஆனால் தின்ன ஒரு குறையும் இல்லை. பறித்து வீட்டுக்காரருக்கு சாலட் போட்டுக் கொடுங்கள்.