படரும் ரோஸ்மேரி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: வறட்சி தாங்கும் என்றார்களே என்று, தரையோடு படரும் மணச்செடியான ரோஸ்மேரியை நட்டேன். இரண்டே மாதத்தில் நுனி இலைகள் காய்கின்றன. தினமும் தண்ணீர் ஊற்றியும் பலனில்லை.

பதில்: தினமும் ஊற்றுவதுதான் கோளாறாக இருக்கும். ஈரம் வடியாத மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காது. பூஞ்சை புகுந்து அழுகும். அழுகிய வேரால் நீர் உறிஞ்ச முடியாது, அதனால் நுனி காயும். தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம்! விரலை 5 செ.மீ. ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் தண்ணீரை நிறுத்துங்கள். ஓரத்தில் மண்ணை விலக்கி ஒரு வேரை இழுத்துப் பாருங்கள். வெளிறி, உறுதியாக இருந்தால் பிழைக்கும். பழுப்பேறிக் குழைந்து, தோல் மட்டும் கையோடு கழன்று வந்தால் அந்தச் செடியை விட்டுவிட்டு, நன்றாக இருக்கும் கிளையில் 10 செ.மீ. குச்சிகள் வெட்டுங்கள். அடியிலைகளை உருவிவிட்டு ஈர மணலில் ஊன்றினால் நான்கு முதல் எட்டு வாரத்தில் வேர் பிடிக்கும்.

வேர் ஆழமாக இறங்கிய பிறகுதான் இந்தச் செடி வறட்சியைத் தாங்கும். முதல் கோடையில் வாரம் ஒருமுறை ஆழமாக நனையும்படி ஊற்றி, இடையில் மேல்மண்ணைக் காயவிடுங்கள்.

கேள்வி: எங்களுடையது களிமண். குழியில் மணல் கலந்தால் போதுமா?

பதில்: போதாது. சுற்றிலும் களிமண் இருக்க, குழி மட்டும் தண்ணீர்த் தொட்டியாகிவிடும். தரைக்கு மேல் 20-30 செ.மீ. மேடு கட்டி அதில் நடுங்கள். செடிக்குச் செடி ஒரு மீட்டர். தண்டைச் சுற்றிச் சரளைக்கல் போதும், ஈரம் காக்கும் மூடாக்கை (வைக்கோல், சருகு போன்றவை) அங்கே போட வேண்டாம்.

கேள்வி: நடுப்பகுதி மொட்டையாகிவிட்டது. அடியோடு வெட்டினால் துளிர்க்குமா?

பதில்: பெரும்பாலும் துளிர்க்காது. இலையில்லாத பழைய கட்டையில் கத்தரி வைத்தால் அந்தக் கிளையே காய்ந்துபோகும். பக்கத்துக் கிளையை மொட்டை இடத்துக்கு வளைத்து, மண்ணைத் தொடும் இடத்தில் லேசாகச் சீவி, கல் வைத்துப் பதியம் போடுங்கள்; அந்த இடத்திலேயே வேர் பிடிக்கும். இனி ஆண்டுதோறும் பூ ஓய்ந்ததும், பச்சைத் தண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் கவாத்து செய்தால் (கத்தரித்துவிட்டால்) மொட்டை விழாது.

கேள்வி: என்ன உரம்?

பதில்: தரையில் இருந்தால் ஒன்றும் வேண்டாம். தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் கிளை நீண்டு தொய்யும், மணம் குறையும்.

கேள்வி: தொட்டியில் வைத்தாலும் தண்ணீர் குறைவாகப் போதுமா?

பதில்: போதாது. அங்கே வேர் ஆழம் தேடிப் போக வழியில்லை. மேல்மண் 3 செ.மீ. காய்ந்ததும் ஊற்றுங்கள், அடித்தட்டில் தேங்கிய நீரை உடனே கொட்டிவிடுங்கள்.