மானிட்டரில் 99 வந்தால் ஆக்ஸிஜனை ஏன் குறைக்கிறார்கள்?

கேள்வி: என் மகள் 27 வாரத்தில் பிறந்தாள், எடை 940 கிராம். இன்றோடு 18 நாள். மூக்கில் சிபேப் (நுரையீரல் ஒட்டிக்கொள்ளாமல் காற்றழுத்தம் தரும் கருவி) வைத்திருக்கிறார்கள். மானிட்டரில் ரத்தத்தின் ஆக்ஸிஜன் சதவீதம் 98, 99 என்று வந்ததும் சிஸ்டர் வந்து ஆக்ஸிஜனைக் குறைக்கிறார். 91 வந்தால் ஒன்றும் செய்வதில்லை. மூச்சுக்குத் திணறும் பிள்ளைக்கு ஆக்ஸிஜனைத் தாராளமாகக் கொடுத்தால் என்ன?

பதில்: சிஸ்டர் செய்வது சரி. உங்கள் மகளின் நுரையீரல் இன்னும் கட்டி முடியவில்லை. அதைக் கட்டும் வேலைக்கு, ஆக்ஸிஜன் குறைவாக இருப்பதே ஒரு கட்டளை.

கருப்பையில் குழந்தையின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் அழுத்தம் ஏறக்குறைய 25 முதல் 30 மி.மீ. பாதரசம்தான், நமக்கு 90-க்கு மேல். அந்தக் குறைந்த அளவில்தான் மூச்சுக்குழல்கள் கிளைவிட்டு, அவற்றைச் சுற்றி ரத்தக்குழாய்கள் பின்னிக்கொள்கின்றன. 27 வாரத்தில் இருப்பவை வெறும் பைகள். அவை மடிந்து மடிந்து உண்மையான காற்றுச் சிற்றறைகளாவது 36 வாரத்தை ஒட்டித் தொடங்கி, பிறந்த பிறகும் நெடுநாள் நடக்கும்.

இதை முன்நின்று நடத்துவது ஹிஃப் என்ற புரதம். செல்கள் இதை ஓயாமல் தயாரிக்கின்றன. ஆக்ஸிஜன் போதுமான அளவு இருந்தால், பிஹெச்டி என்ற நொதிகள் ஹிஃப்பின் ஆல்ஃபா பகுதியில் இரண்டு இடங்களில் அடையாளம் வைத்துவிடும். அதைப் பார்த்து விஹெச்எல் என்ற இன்னொரு புரதம் பிடித்துக்கொடுக்க, சில நிமிடங்களில் ஹிஃப் சிதைந்துபோகும். அடையாளம் வைக்க ஆக்ஸிஜன்தான் மூலப்பொருள் என்பதால், அது குறைந்தால் ஹிஃப் தப்பித்து உட்கருவுக்குள் போய், விஇஜிஎஃப் போன்ற ரத்தக்குழாய் வளர்க்கும் மரபணுக்களை இயக்கும். சர்க்கரையிலிருந்து ஆக்ஸிஜன் இல்லாமலே ஆற்றல் எடுக்கும் வழியையும் திறந்து, செல்லைச் சாகாமல் காக்கும். செல்கள் ஆக்ஸிஜனை உணரும் இந்த வழியைக் கண்டறிந்த கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நுரையீரலுக்கு ஹிஃப்பின் ஒரு வகையான ஹிஃப்-2 எவ்வளவு முக்கியம் என்பதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். அது இல்லாமல் பிறந்த குட்டிகள், சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் போதாமல் மூச்சுத்திணறி இறந்தன. குறைமாதக் குட்டிகளுக்கு விஇஜிஎஃப் கொடுத்தபோது நுரையீரல் முதிர்ந்து மூச்சுத்திணறல் குறைந்தது.

அளவுக்கு மீறி ஆக்ஸிஜன் போனால் இரண்டு பக்கமும் அடி. ஹிஃப் அழிந்து ரத்தக்குழாய் வளர்ச்சி நிற்கிறது. ஆக்ஸிஜனிலிருந்து உருவாகும் வீரிய மூலக்கூறுகள் மெல்லிய சுவர் செல்களைக் கொல்கின்றன. சிற்றறைகள் குறைவாக, பெரிதாக நின்றுபோகும் பிபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் நோய்க்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, 85-லேயே வைத்திருந்தால்? அதையும் சோதித்தார்கள். 28 வாரத்துக்கு முன் பிறந்த சுமார் 5,000 குழந்தைகளை 85–89, 91–95 என்று இரு குழுவாக்கிப் பார்த்ததில், குறைந்த இலக்கில் இறப்பும் குடல் அழற்சியும் கூடின. உயர்ந்த இலக்கில் விழித்திரை நோய்க்கான சிகிச்சை கூடியது. அதனால்தான் பெரும்பாலான இடங்களில் 90 முதல் 95 என்று வைக்கிறார்கள். ஹிஃப் நல்லதுதான் என்றாலும், நெடுநேரக் கடும் பற்றாக்குறையில் அதே புரதம் செல்லைச் சாகடிக்கும் மரபணுக்களையும் எழுப்பும்.

99-ஐக் கண்டு பதறுவதற்கு, அந்தச் சதவீதத்தை அளக்கும் மீட்டரே ஒரு காரணம். 95-க்கு மேல் அதன் எண் கிட்டத்தட்ட நகராது. 98 காட்டும் குழந்தையின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் அழுத்தம் 90 ஆகவும் இருக்கலாம், 250 ஆகவும் இருக்கலாம், மீட்டருக்குத் தெரியாது. ஆனால் கூடுதல் ஆக்ஸிஜன் இல்லாமல், வெறும் காற்றில், அதாவது காற்றையும் ஆக்ஸிஜனையும் கலந்து தரும் பிளெண்டரில் 21 சதவீதம் இருக்கும்போது 99 வந்தால் கவலையே வேண்டாம். ஆகவே மானிட்டரைப் பார்க்கும்போதெல்லாம் பிளெண்டர் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்.

எண் திடீரென்று 80-க்கு இறங்கினால், முதலில் குழந்தையின் நிறத்தையும் நெஞ்சு அசைவையும் பாருங்கள். அலை வடிவம் ஒழுங்காக இருக்கிறதா, மீட்டரின் துடிப்பு ஈசிஜி துடிப்போடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் சென்சார் நழுவியிருக்கலாம், அல்லது மஞ்சள் காமாலை விளக்கின் ஒளி விழுந்திருக்கலாம். துணியால் மூடினால் சரியாகும். நெஞ்சு அசையவில்லை, நிறம் மாறுகிறது என்றால் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். அவர் கழுத்தை நேராக்கி, பாதத்தைத் தட்டி, தேவைப்பட்டால் ஆக்ஸிஜனை 2 முதல் 5 சதவீதம் என்று படிப்படியாக ஏற்றுவார். நேராக 100-க்குத் தள்ளினால் எண் 99-இல் போய் நிற்கும், மறந்துவிட்டால் அங்கேயே கிடக்கும். நார்மலுக்கு வந்ததும் பழைய அளவுக்கு இறக்குவதுதான் எளிதில் தவறிப்போகும் படி. குமிழை நீங்கள் தொடாதீர்கள், "இப்போது எத்தனை சதவீதம், சிஸ்டர்?" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.

ஹிஃப்பைத் தூண்டும் மாத்திரைகள் இருக்கின்றன. சிறுநீரக நோயால் ரத்தசோகை வந்த பெரியவர்களுக்கானவை அவை. உங்கள் பாப்பாவுக்கு அல்ல.

கடைசியாக, கண். விழித்திரையிலும் இதே கதைதான்: முதலில் ஆக்ஸிஜன் மிகுந்து ரத்தக்குழாய் நிற்கும், பிறகு பட்டினியான விழித்திரையில் ஹிஃப் வெறிகொண்டு தாறுமாறாகக் குழாய்களை முளைக்கவைக்கும். இந்திய வழிகாட்டுதல்படி 28 வாரத்துக்கு முன்போ 1,200 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு 2 முதல் 3 வாரத்துக்குள் முதல் விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும். உங்கள் மகளுக்கு 18 நாள் ஆகிவிட்டது. பரிசோதனை முடிந்துவிட்டதா, இல்லையென்றால் என்றைக்கு என்று இன்றே டாக்டரிடம் கேளுங்கள்.